பூச்சியங்கள் சொல்லும் செய்தி



கல்லூரியில் முதலாண்டு சேரும் மாணவர்களுக்கு நான் ஆண்டுதோறும் ஒரு கணக்குக் கொடுப்பது வழக்கம். கணக்கு எளியதுதான். 25 மீட்டர் உயரமுள்ள ஒரு கட்டடத்தின் மேல்தள விளிம்பில் நின்றுகொண்டு ஒருவர் ஒரு பந்தை வினாடிக்கு 20 மீட்டர் வேகத்தில் நேர் மேலே எறிகிறார். பந்து எத்தனை வினாடியில் தரையை அடையும்?

எல்லாருக்கும் 5 வினாடி என்ற சரியான விடை வந்துவிடும். அதற்கு முந்திய வரியில் −1 என்று இன்னொரு விடையும் வந்திருக்கும். அதன்மேல் குறுக்கே ஒரு கோடு. பக்கத்தில், 'நேரம் குறை எண்ணாக இராது. எனவே தள்ளுபடி' என்று ஒரு குறிப்பு. முழு மதிப்பெண்ணும் கொடுத்துவிடுவேன். பிறகு வகுப்பில் கேட்பேன்: "நீங்கள் தள்ளிவிட்ட அந்த −1 எங்கிருந்து வந்தது? வழியில் எந்தத் தவறும் நீங்கள் செய்யவில்லை. சரியான பாதையில் போனபோது தானாக வந்த விடை அது. வீடு தேடி வந்தவரை, யார், எதற்காக வந்தார் என்று கேளாமலே வாசலில் வைத்துத் திருப்பி அனுப்பலாமா?"

வகுப்பு சற்று நேரம் அமைதியாகிவிடும். அந்த அமைதியில் பிறக்கும் சிந்தனைதான் இக்கட்டுரையின் பொருள். பல்லுறுப்புக் கோவையின் பூச்சியம் ஒவ்வொன்றும் நமக்கு ஏதோ ஒரு செய்தி சொல்கிறது. ஏற்பதும் தள்ளுவதும் பிறகு. முதலில் அதைக் கேட்கப் பழக வேண்டும்.

பூச்சியம் என்பது என்ன?

கணக்கைச் சமன்பாடாக எழுதிப் பார்ப்போம். உங்கள் பாடநூலில் மாறிகளுக்கு ஆங்கில எழுத்துகள் இருக்கும். நாம் இங்கே தமிழ் எழுத்துகளையே வைத்துக்கொள்வோம். எழுத்து மாறுவதால் கணிதம் மாறிவிடாது. எறிந்த பின் கழியும் நேரம் 'ந' வினாடி. அப்போது தரையிலிருந்து பந்தின் உயரம் 'உ' மீட்டர். காற்றின் தடையைப் புறக்கணிப்போம். புவியீர்ப்பு முடுக்கம் ஏறத்தாழ 9.8, கணக்கு எளிதாவதற்காக அதை 10 என்று கொள்வோம். அப்படியானால்

உ = 25 + 20ந − 5ந²

வலப்பக்கம் இருப்பது ஓர் இருபடிப் பல்லுறுப்புக் கோவை. மாவு அரைக்கும் இயந்திரத்தில் மேலே தானியத்தைப் போட்டால் கீழே மாவு வருவதுபோல, இதில் ந-க்கு ஓர் எண்ணைப் போட்டால் உ-க்கு ஓர் எண் வருகிறது. சில எண்களைப் போட்டுப் பார்ப்போம்.

ந = −2 எனில் உ = −35
ந = −1 எனில் உ = 0
ந = 0 எனில் உ = 25
ந = 1 எனில் உ = 40
ந = 2 எனில் உ = 45
ந = 3 எனில் உ = 40
ந = 4 எனில் உ = 25
ந = 5 எனில் உ = 0
ந = 6 எனில் உ = −35

எந்த எண்ணைப் போட்டால் கோவையின் மதிப்பு 0 ஆகிறதோ, அந்த எண்ணே கோவையின் பூச்சியம். இங்கே −1, 5 ஆகிய இரண்டும் பூச்சியங்கள். வரைபடத்தாளில் இப்புள்ளிகளைக் குறித்து இணைத்தால், கவிழ்த்த கிண்ணம் போன்ற ஒரு வளைகோடு கிடைக்கும். அது கிடை அச்சை வெட்டும் இடங்கள்தாம் இந்த இரு பூச்சியங்கள்.

இங்கே பலருக்கு ஒரு குழப்பம் ஏற்படுவதுண்டு. ய − 3 என்ற கோவையின் பூச்சியம் 3 என்றால், "மூன்று எப்படிப் பூச்சியமாகும்?" என்று கேட்கிறார்கள். தலைவலி மாத்திரை என்கிறோம். அது தலைவலியால் ஆன மாத்திரையா? தலைவலிக்காக உள்ள மாத்திரை என்பதன் சுருக்கம்தானே அது! அதுபோலவே, 'கோவையைப் பூச்சியமாக்கும் எண்' என்பதைச் சுருக்கிப் 'பூச்சியம்' என்கிறோம். அந்த எண் 3 ஆகவும் இருக்கலாம். −1 ஆகவும் இருக்கலாம். ஏன், 0 ஆகவும் இருக்கலாம். கோவையை 0-க்குச் சமப்படுத்தி எழுதினால் அது சமன்பாடு. அப்போது அதே எண்ணை அச்சமன்பாட்டின் மூலம் என்கிறோம்.

பூச்சியமும் காரணியும்

அ என்ற எண் ஒரு கோவையின் பூச்சியமானால், (ய − அ) அக்கோவையின் காரணி என்று படித்திருப்பீர்கள். ஏன் அப்படி? ஒரு கோவையை (ய − அ) என்பதால் வகுப்பதாகக் கொள்வோம்.

கோவை = (ய − அ) × ஈவு + மீதி

வகுத்தி ஒருபடிக் கோவை ஆதலால் மீதி வெறும் எண்ணாகத்தான் இருக்கும். இப்போது ய = அ என்று போடுங்கள். முதல் உறுப்பு மறைந்துவிடுகிறது. எஞ்சுவது, அ என்ற இடத்தில் கோவையின் மதிப்பு = மீதி. அம்மதிப்பு பூச்சியமானால் மீதியும் பூச்சியம். அதாவது (ய − அ) மீதியின்றி வகுக்கிறது. இதுதான் மீதித் தேற்றமும் காரணித் தேற்றமும். இரண்டும் ஒரே வரியில் அடங்கிவிடுகின்றன.

இதிலிருந்து இன்னொன்றும் விளங்கும். ஒவ்வொரு பூச்சியமும் கோவையிலிருந்து ஒரு காரணியைப் பிரித்தெடுத்துக்கொள்கிறது. ஈவின் படி ஒன்று குறைகிறது. ஆகவே ஐந்துபடிக் கோவைக்கு ஐந்துக்கு மேல் பூச்சியங்கள் இருக்க முடியாது. இருபடிக்கு இரண்டுக்கு மேல் முடியாது.

நம் பந்தின் கோவையைக் காரணிப்படுத்தினால்,

25 + 20ந − 5ந² = −5 (ந + 1)(ந − 5)

இதில் −5, −1, 5 என்ற மூன்று எண்களைத் தவிர வேறு எதுவும் இல்லை. −5 என்பது புவியீர்ப்பு தரும் எண். எங்கே எறிந்தாலும், எவ்வளவு வேகத்தில் எறிந்தாலும் அது மாறாது. இந்தப் பந்துக்கே உரிய செய்தி முழுவதும் இரண்டு பூச்சியங்களில்தான் இருக்கிறது. அவற்றில் ஒன்றை அடித்துவிட்டால் பாதிச் செய்தியை அடித்துவிட்டோம் என்று பொருள்.

−1 என்ன சொல்கிறது?

சமன்பாட்டுக்கு எறிந்தவரைத் தெரியாது; கட்டடத்தையும் தெரியாது. அதற்குத் தெரிந்தது ஓர் இயக்கம் மட்டுமே. "இந்த இயக்கத்தில் பந்து எந்தெந்த நேரங்களில் தரை மட்டத்தில் இருக்கும்?" என்று கேட்டோம். "5ஆம் வினாடியில்; நீங்கள் கடிகாரத்தை ஓடவிடுவதற்கு 1 வினாடி முன்பும்" என்று அது விடை சொல்கிறது.

இதை இப்படிக் கற்பனை செய்து பாருங்கள். மேல்தளத்தில் எவரும் இல்லை. கீழே தரையில் நிற்கும் ஒருவர், நாம் கடிகாரத்தை ஓடவிடுவதற்குச் சரியாக 1 வினாடி முன்பு, பந்தை வினாடிக்கு 30 மீட்டர் வேகத்தில் மேலே எறிகிறார். ஒரு வினாடியில் அது 30 − 5 = 25 மீட்டர் உயரம் வந்துவிடும். அப்போது அதன் வேகம் 30 − 10 = 20 மீட்டர். மேல்தளத்தைக் கடக்கும் அந்தக் கணத்தில் நாம் கடிகாரத்தை ஓடவிடுகிறோம். அதன் பிறகு நடப்பது அனைத்தும் நம் கணக்கேதான்! பந்தை மேல்தளத்தில் நின்று எறிந்தார்களா, கீழிருந்து வந்ததா என்று அதன் பிற்கால இயக்கத்தைப் பார்த்து எவராலும் சொல்ல முடியாது.

சரி, இதனால் என்ன பயன்? மூன்று பயன்கள் சொல்கிறேன்.

ஒன்று: வளைகோடு இரு பூச்சியங்களுக்கும் நடுவில் சமச்சீரானது. −1, 5 ஆகியவற்றின் நடு 2. ஆகவே பந்து உச்சியை அடைவது 2ஆம் வினாடியில்.

இரண்டு: அந்த நேரத்தைக் கோவையில் போட்டால் உச்ச உயரம் 45 மீட்டர்.

மூன்று: கீழிருந்து 30 மீட்டர் வேகத்தில் கிளம்பிய பந்து, அதே 30 மீட்டர் வேகத்தில்தான் தரைக்குத் திரும்பும். ஆகவே தரையில் மோதும் வேகமும் தெரிந்துவிட்டது.

தள்ளுபடி செய்த −1 தான் இவ்வளவையும் கொடுத்தது. 'எத்தனை வினாடியில் தரையை அடையும்?' என்ற வினாவுக்கு 5 மட்டுமே விடை என்பதில் ஐயமில்லை. −1 வேறொரு வினாவுக்கு விடை. அந்த வினா எது என்று தேடுவதில்தான் நமக்கு ஆதாயம் இருக்கிறது.

பாஸ்கரரின் குரங்குகள்

இந்தச் சிக்கல் புதிதன்று. 1114இல் பிறந்த நம் நாட்டுக் கணித மேதை இரண்டாம் பாஸ்கரர், 'பீஜகணிதம்' என்ற தம் நூலில் ஒரு குரங்குக் கணக்குத் தருகிறார். ஒரு குரங்குக் கூட்டம். அதன் ஐந்தில் ஒரு பங்கிலிருந்து மூன்றைக் கழித்து, வந்ததை வர்க்கப்படுத்தினால் எத்தனையோ அத்தனை குரங்குகள் குகைக்குள் போய்விட்டன. எஞ்சிய ஒரே குரங்கு மரக்கிளையில் இருக்கிறது. மொத்தம் எத்தனை குரங்குகள்?

குரங்குகளின் எண்ணிக்கை ய எனில், (ய/5 − 3)² + 1 = ய. இதை விரித்து 25ஆல் பெருக்கி ஒழுங்குபடுத்தினால்,

ய² − 55ய + 250 = 0

பெருக்கற்பலன் 250, கூட்டுத்தொகை 55 என வரும் இரு எண்கள் 50, 5. ஆகவே (ய − 50)(ய − 5) = 0.

50 குரங்குகள் எனில், ஐந்தில் ஒரு பங்கு 10, மூன்று போக 7, வர்க்கம் 49, கிளையில் 1, மொத்தம் 50. சரி. 5 குரங்குகள் எனில், ஐந்தில் ஒரு பங்கு 1. மூன்றைக் கழித்தால் −2. குரங்குகளில் −2 ஏது? இந்த இரண்டாம் விடை பொருந்தாது, இத்தகைய குறை எண்ணை மக்கள் ஏற்கமாட்டார்கள் என்று பாஸ்கரர் அதை விலக்குகிறார்.

கவனியுங்கள்! 5 என்பது மிகை எண்தான். 'குறை எண் தள்ளுபடி' என்று மனப்பாடமாக விதியை வைத்திருப்பவர் இதைத் தள்ளமாட்டார். பாஸ்கரர் இரண்டு விடைகளையும் கண்டார். இரண்டையும் கதைக்குள் வைத்துச் சோதித்தார். காரணம் சொல்லி ஒன்றை விலக்கினார். விலக்குவதற்கும் ஒரு முறை உண்டு என்பதற்கு இது நல்ல எடுத்துக்காட்டு.

நாம் இன்னும் ஓர் அடி போவோம். இந்த 5 ஏன் வந்தது? வர்க்கப்படுத்தும்போது −2 க்கும் 2 க்கும் வேறுபாடு மறைந்துவிடுகிறது. கணக்கை மாற்றி, 'மூன்றிலிருந்து ஐந்தில் ஒரு பங்கைக் கழித்து வர்க்கப்படுத்து' என்று கேட்டால், 3 − 1 = 2; வர்க்கம் 4; கிளையில் 1; மொத்தம் 5. மிகச் சரியான விடை! ஆக, 5 என்பதும் ஒரு வினாவுக்கு விடைதான். அந்த வினாவைப் பாஸ்கரர் கேட்கவில்லை, அவ்வளவே.

இரண்டு பூச்சியங்கள் ஒன்று சேர்ந்தால்

இப்போது முப்படிக் கோவைக்கு வருவோம். 16 செ.மீ. நீளமும் 10 செ.மீ. அகலமும் உள்ள ஓர் அட்டையை எடுத்துக்கொள்ளுங்கள். நான்கு மூலைகளிலும் ய செ.மீ. பக்கமுள்ள சதுரங்களை வெட்டி எடுத்துவிட்டு, ஓரங்களை மடித்து நிறுத்தினால் மூடியில்லாத ஒரு பெட்டி கிடைக்கும். அதன் உயரம் ய. நீளம் 16 − 2ய. அகலம் 10 − 2ய.

கொள்ளளவு = ய (16 − 2ய)(10 − 2ய)

இதன் பூச்சியங்கள் 0, 5, 8. மூன்றும் என்ன சொல்கின்றன என்று பார்ப்போம். ய = 0 எனில் சுவர் இல்லை; வெறும் அட்டைதான். ய = 5 எனில் அகலம் முழுவதும் வெட்டுப்பட்டுப் போகிறது. ய = 8 எனில் நீளமும் போகிறது. ஆகவே பெட்டி என்று ஒன்று இருப்பது 0-க்கும் 5-க்கும் இடையில்தான். பூச்சியங்கள் எல்லைக்கற்களைப் போல நின்று நமக்கு இதைக் காட்டுகின்றன.

எல்லைக்கற்களைப் பாராமல் போகிறவருக்கு என்ன ஆகும்? ய = 9 என்று போட்டுப் பாருங்கள். 9 × (−2) × (−8) = 144. கொள்ளளவு 144 கன செ.மீ. என்று மிகை எண்ணாகவே வருகிறது! ஆனால் நீளமும் குறை, அகலமும் குறை, பெட்டியே இல்லை. இரண்டு குறை எண்கள் பெருக்கலில் சேர்ந்து மிகை எண்ணாக வேடமிட்டு வந்திருக்கின்றன.

இப்போது முக்கியமான வினா: எந்த அளவுக்கு வெட்டினால் பெட்டி மிகப் பெரிதாக இருக்கும்? ய = 1 எனில் 112; 2 எனில் 144; 3 எனில் 120; 4 எனில் 64. 2-ஐ ஒட்டித்தான் உச்சம் இருக்க வேண்டும் என்று தோன்றுகிறது. ஆனால் 1.9 இலோ 2.1 இலோ இன்னும் சற்று அதிகமாக இருந்தால்? நுண்கணிதம் படிக்காமலே இதைத் தீர்க்கலாம். 'கொள்ளளவு 144 ஆவது எப்போது?' என்று கேட்போம். கொள்ளளவிலிருந்து 144-ஐக் கழித்தால் வரும் கோவை,

4ய³ − 52ய² + 160ய − 144

ய = 2 இதன் பூச்சியம் என்று தெரியும்; ய = 9 என்பதும் பூச்சியம் என்று மேலே கண்டோம். இரண்டு காரணிகளையும் வகுத்து எடுத்தபின் என்ன மிஞ்சுகிறது? மறுபடியும் (ய − 2)! ஆகவே

கொள்ளளவு − 144 = 4 (ய − 2)² (ய − 9)

2 இங்கே இரட்டைப் பூச்சியம். வர்க்கமான (ய − 2)² ஒருபோதும் குறை எண் ஆகாது. 0-க்கும் 5-க்கும் இடையில் (ய − 9) எப்போதும் குறை எண். ஆகவே வலப்பக்கம் முழுவதும் பூச்சியத்துக்கு மேல் போகாது. கொள்ளளவு 144-ஐத் தாண்டவே தாண்டாது. 2 செ.மீ. வெட்டினால்தான் பெட்டி மிகப் பெரிது என்பது ஐயமற நிறுவப்பட்டுவிட்டது.

வரைபடத்தில் இதன் பொருள் என்ன? 144 என்ற உயரத்தில் ஒரு கிடைக்கோடு வரைந்தால், அது வளைகோட்டை ய = 2 இல் வெட்டாமல் தொட்டு மட்டும் செல்லும். தனிப் பூச்சியம் எனில் வெட்டு. இரட்டைப் பூச்சியம் எனில் தொடல். இத்தகைய தொடல், அவ்விடத்தில் ஓர் உச்சமோ பள்ளமோ இருப்பதன் அடையாளம். நாம் பயனற்றது என்று நினைத்த 9 உதவியதால்தான் இது எளிதாக விளங்கியது என்பதையும் மறவாதீர்கள்.

பூச்சியமே இல்லையென்றால்?

மறுபடியும் பந்துக்கு வருவோம். பந்து 40 மீட்டர் உயரத்தில் இருப்பது எப்போது? 25 + 20ந − 5ந² = 40 என்று எழுதிச் சுருக்கினால், ந² − 4ந + 3 = 0; ந = 1, 3. ஏறும்போது ஒரு முறை, இறங்கும்போது ஒரு முறை.

45 மீட்டரில் இருப்பது எப்போது? ந² − 4ந + 4 = 0; அதாவது (ந − 2)² = 0. இரட்டைப் பூச்சியம், உச்சியைத் தொடுகிறது.

50 மீட்டரில் இருப்பது எப்போது? ந² − 4ந + 5 = 0. பந்து அவ்வளவு உயரம் போவதே இல்லை. எனவே மெய்யெண் விடை கிடையாது. சூத்திரமோ −1 இன் வர்க்கமூலத்தைக் கேட்கிறது. அதைக் 'க' என்று குறித்தால், விடைகள் 2 + க, 2 − க என்ற கலப்பெண்கள்.

'கற்பனை விடை, பொருளற்றது' என்று இவற்றையும் அடித்துவிடலாமா? சற்றுப் பொறுங்கள். கோவையை இப்படி எழுதிப் பாருங்கள்:

உயரம் − 50 = −5 [ (ந − 2)² + 1² ]

கலப்பெண்ணின் மெய்ப்பகுதி 2. பந்து உச்சியை அடையும் நேரம் அது. கற்பனைப் பகுதி 1. அதன் வர்க்கத்தை 5ஆல் பெருக்கினால் 5. உச்சியிலும் பந்து 50 மீட்டரை எட்டாமல் போகும் குறைபாடு சரியாக 5 மீட்டர்! 'எட்டாது' என்று மட்டும் சொல்லி நிறுத்தவில்லை. எப்போது மிக அருகில் வரும், எவ்வளவு தூரத்தில் நின்றுவிடும் என்பதையும் அந்தக் கற்பனை விடை சொல்லிவிடுகிறது.

40, 45, 50 என்று உயரத்தை ஏற்றிக்கொண்டே போகும்போது பூச்சியங்கள் எப்படி நகர்கின்றன என்று மனக்கண்ணால் பாருங்கள். 1-லிருந்தும் 3-லிருந்தும் புறப்பட்டு ஒன்றையொன்று நெருங்கி, 2-இல் சந்தித்து, பிறகு எண்கோட்டை விட்டே விலகி, மேலும் கீழுமாகப் பிரிந்து போகின்றன. எங்கும் அவை காணாமற் போகவில்லை. கலப்பெண்களையும் சேர்த்துக்கொண்டு, இரட்டைப் பூச்சியத்தை இரண்டாகவே எண்ணினால், இருபடிக் கோவைக்கு எப்போதும் இரண்டு பூச்சியங்கள் உண்டு. படி எத்தனையோ பூச்சியங்களும் அத்தனை. இதற்கு இயற்கணிதத்தின் அடிப்படைத் தேற்றம் என்று பெயர். 1799இல் ஜெர்மானியக் கணித மேதை கௌஸ் தம் டாக்டர் பட்ட ஆய்வேட்டில் இதற்கு ஒரு நிரூபணம் தந்தார். அப்போது அவருக்கு வயது 22. அந்த நிரூபணத்தில் இருந்த ஓர் இடைவெளி பிற்காலத்தில் நிரப்பப்பட்டது.

எத்தனை என்று தெரிவது வேறு. எவை என்று காண்பது வேறு. இருபடிக்குரிய சூத்திரம் உங்களுக்குத் தெரியும். முப்படிக்கும் நாற்படிக்கும் உரிய வழிகள் 1545இல் இத்தாலியரான கார்டானோ வெளியிட்ட நூலில் வந்தன. ஐந்துபடிக் கோவைகள் அனைத்துக்கும் பொருந்தும்படியான, நான்கு அடிப்படைச் செயல்களாலும் மூலங்களாலும் மட்டும் அமைந்த சூத்திரம் இருக்கவே முடியாது என்று நார்வே நாட்டு இளைஞர் ஆபெல் 1824இல் நிறுவினார். அத்தகைய கோவைகளுக்குக் கணிப்பொறியின் துணையோடு தோராயமாகவே பூச்சியங்களைக் காண்கிறோம்.

ஓர் எச்சரிக்கை

பூச்சியம் சொல்வதைக் கேட்கும்போது, அது எவ்வளவு உறுதியாகச் சொல்கிறது என்றும் பார்க்க வேண்டும். இயற்பியலில் கெழுக்கள் அளவீட்டிலிருந்து வருகின்றன. அளவீட்டில் சிறு பிழை இருந்தே தீரும். பந்தின் உயரத்தில் 5 செ.மீ. பிழை என்று வைத்துக்கொள்வோம். தரையை அடையும் நேரத்தில் அது ஏற்படுத்தும் மாற்றம் ஏறத்தாழ 600இல் ஒரு பங்கு வினாடிதான். ஏனெனில் பந்து அங்கே 30 மீட்டர் வேகத்தில் விரைகிறது. உச்சியிலோ? 45 க்குப் பதில் 44.95 மீட்டர் என்று போட்டால், (ந − 2)² = 0.01, இரட்டைப் பூச்சியமான 2 பிரிந்து 1.9, 2.1 ஆகிவிடுகிறது. மாற்றம் 0.1 வினாடி, முன்னதைப்போல் 60 மடங்கு! வெட்டும் பூச்சியம் உறுதியானது. தொடும் பூச்சியமோ சிறு அசைவுக்கும் வெகுவாக நகர்ந்துவிடுகிறது.

இதைவிட வியப்பான ஒன்றை இங்கிலாந்தின் தேசிய இயற்பியல் ஆய்வுக்கூடத்தில் பணியாற்றிய ஜேம்ஸ் வில்கின்சன் கண்டார். 1, 2, 3 முதல் 20 வரை உள்ள எண்களைப் பூச்சியங்களாகக் கொண்ட இருபதுபடிக் கோவையை அவர் எடுத்துக்கொண்டார். அதில் பத்தொன்பதாம் படி உறுப்பின் கெழு −210. அதிலிருந்து ஒன்றில் 83,88,608இல் ஒரு பங்கை மட்டும் கழித்தார். 20 என்ற பூச்சியம் ஏறத்தாழ 20.85 க்கு நகர்ந்துவிட்டது. இருபதில் பத்துப் பூச்சியங்கள் மெய்யெண்களாகவே இல்லாமல் கலப்பெண் இணைகளாகிவிட்டன! 1959இல் அவர் இதைப்பற்றி எழுதினார். தம் தொழில் வாழ்வில் தம்மை மிகவும் அதிரவைத்த அனுபவம் இதுவே என்று 1984இல் வெளியான கட்டுரையில் குறிப்பிட்டார். பூச்சியங்களிலிருந்து கோவையை அமைப்பது வெறும் பெருக்கல். கோவையிலிருந்து பூச்சியங்களை மீட்பதில், சில சமயம், இத்தனை எச்சரிக்கை தேவைப்படுகிறது.

இனி நீங்கள் செய்ய வேண்டியது

அடுத்த முறை கணக்கில் இரண்டு விடைகள் வந்தால், கோடு போடுமுன் மூன்று கேள்விகள் கேளுங்கள். இந்தப் பூச்சியத்தைக் கணக்கின் கதைக்குள் வைத்துப் பார்த்தால் பொருந்துகிறதா? பொருந்தாவிட்டால், கதையின் எந்த நிபந்தனையை அது மீறுகிறது? அந்த நிபந்தனையை நீக்கிவிட்டால் இது எந்த வினாவுக்கு விடையாகும்? முதல் இரண்டுக்கும் விடை எழுதினால் தேர்வுக்குப் போதும். மூன்றாவது கேள்விக்கு மதிப்பெண் கிடையாது. ஆனால் கணக்கை ஒருமுறை முழுதாகப் பார்த்துவிட்ட மகிழ்ச்சி அதில்தான் கிடைக்கும்.

பயிற்சிகள்

1. அடுத்தடுத்த இரு முழு எண்களின் பெருக்கற்பலன் 72. சிறிய எண்ணை ய என்று கொண்டு பூச்சியங்களைக் காண்க. குறை எண் விடை எதைச் சொல்கிறது?

2. பூச்சியங்கள் 2, −3 ஆகவும், ய = 3 ஆகும்போது மதிப்பு 12 ஆகவும் உள்ள இருபடிக் கோவை எது?

3. நம் பந்து 65 மீட்டர் உயரத்தில் இருப்பது எப்போது என்று கேட்டால் வரும் கலப்பெண்களைக் காண்க. அவற்றிலிருந்து பந்து எவ்வளவு குறைவாக நின்றுவிடுகிறது என்று கூறுக.

4. 12 செ.மீ. பக்கமுள்ள சதுர அட்டையில் மேற்சொன்னபடி பெட்டி செய்தால், கொள்ளளவு 128 கன செ.மீ. க்கு மேல் போகாது என்று நிறுவுக.

விடைகள்

1. 8, −9. −9, −8 ஆகியனவும் அடுத்தடுத்த முழு எண்களே. அவற்றின் பெருக்கற்பலனும் 72. இங்கே எதையும் தள்ள வேண்டியதில்லை!

2. 2 (ய − 2)(ய + 3). அதாவது 2ய² + 2ய − 12.

3. 2 + 2க, 2 − 2க. குறைபாடு 5 × 2² = 20 மீட்டர்.

4. கொள்ளளவு − 128 = 4 (ய − 2)² (ய − 8). பெட்டி இருப்பது ய 0-க்கும் 6-க்கும் இடையில் உள்ளபோது மட்டுமே. அப்போது வலப்பக்கம் பூச்சியத்துக்கு மேல் போகாது.